என் குரலுக்கு வைத்த இட்லி

அப்பாவுக்கு மறதி நோய். ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பார். அடுத்த அறையில் எனக்கு ஐடி வேலை. பதில் சொல்லி அலுத்துப்போய், அவர் அறையில் ஒரு பேசும் ஸ்பீக்கரை வைத்தேன். “அப்பா, சாப்டியா? மாத்திரை போட்டியா?” என்று என் குரலையே பதிவு செய்து, வேளாவேளைக்கு ஒலிக்க விட்டேன். சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். நானும் பூரித்துப்போனேன்.

ஒரு ஞாயிறு காலை அந்த அறையில் புளித்த நாற்றம். ஸ்பீக்கரின் மேல் இட்லித் துண்டுகள், வழிந்து காய்ந்த சாம்பார், மொய்க்கும் எறும்புகள். எனக்குக் குமட்டியது. “இன்னாப்பா இது, அசிங்கம்!” என்று கத்தினேன்.

அப்பா உதட்டில் விரலை வைத்தார். “கத்தாதே சார். எம்புள்ள சாப்பிட்டுகினு கீறான். மூணு வேளையும் என்னை விசாரிக்கிறவன் அவன்தான். அவனுக்கு வைக்காம நான் எப்படித் துன்றது?”

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர், “அப்பா, சாப்டியா?” என்றது.

“ஆச்சு நைனா” என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அன்றே ஸ்பீக்கரை எடுத்துவிட்டேன். இப்போது வேளாவேளைக்கு நானே போய்க் கேட்கிறேன்.

“சாப்டேன் சார்” என்கிறார்.

எறும்புகளைப் பார்த்து வந்த குமட்டல், இன்று என் குரலைக் கேட்டாலே வருகிறது.