கடைசி சீட்டு வரை

பஸ்ஸை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்த பிறகும் அண்ணி இறங்குவதில்லை. எழுந்து பின்பக்கம் நடக்கிறார். போகிற வழியில் ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் ஒரு தட்டு. கடைசி வரிசை வந்ததும் குனிந்து அடியில் பார்க்கிறார். ஒற்றைக் காலுறை கிடக்கும், பாதி கடித்த ஆப்பிள் கிடக்கும், ஒருமுறை காகிதத்தில் சுற்றிய பால் பல்கூடக் கிடந்தது. எது கிடைத்தாலும் படியில் நின்று கையை உயர்த்தி, "இது யாரோடது?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. அதற்குள் பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருப்பார்கள். வாசல் காவல்காரர் மட்டும்தான் இருப்பார். பல் கிடைத்த அன்று அவர், "என்னோடது எல்லாம் இருக்கும்மா" என்று வாயைத் திறந்து காட்டினாராம்.

பள்ளி பஸ் ஓட்டும் இந்த அண்ணி என் அண்ணன் மனைவி. பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பஸ்ஸைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனவர், குடையை மறந்துவிட்டோமே என்று திரும்பி வந்திருக்கிறார். கடைசி சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "குடையை மறக்காம இருந்திருந்தா?" என்பார். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒரு வார்த்தை வராது. அன்றைக்குத் தொற்றிய பழக்கம் இது. சினிமா முடிந்தாலும் பின்வரிசையை ஒரு நோட்டம் விடாமல் வரமாட்டார். அண்ணனும் நானும் வாசலில் கொட்டாவி விட்டபடி நிற்போம்.

சைக்கிளுக்கு வந்த கதை எளிது. ஊர் பஸ் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அண்ணி பள்ளி பஸ் நிற்கும் டிப்போவுக்குப் போய்ச் சேர வேண்டும். "ஊருக்கெல்லாம் பஸ் ஓட்டுறேன், எனக்கு ஏறிப் போக ஒரு பஸ் கிடையாது தம்பி." அதனால் வெயிலோ மழையோ சைக்கிள்தான். அந்தச் சைக்கிளின் ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் கண்ணாடி, பஸ்ஸில் இருப்பது போலவே. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அண்ணி அதைக் கண்டுகொள்வதில்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள், அங்கே நடக்கும் ஒரு சைக்கிள் ஓட்டத்துக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்துவைத்தாள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் சேர்ந்து ஓட்டுகிற நாள் அது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. பொழுது சாய்வதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் கழுத்தில் ஒரு பதக்கம் போடுவார்கள், அவ்வளவுதான். கூட்டத்தின் வாலில் மஞ்சள் விளக்கோடு ஒரு வேன் ஊர்ந்து வரும். அது உங்களை எட்டிப் பிடித்துவிட்டால் சைக்கிளை மேலே தூக்கிப் போட்டு உங்களை உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள்.

போன வருஷம் அண்ணியை வேன் பிடித்துவிட்டது. சைக்கிள் செயின் அறுந்து நின்ற ஒரு பெண்ணை, அங்கே வாடகைக்கு எடுத்த சைக்கிளிலும் மாட்டிவைத்திருந்த கண்ணாடியில் பார்த்திருக்கிறார். திரும்பிப் போய்த் துணைக்கு நின்றிருக்கிறார். அந்தப் பெண் பேசியது இவருக்குப் புரியவில்லை, இவர் பேசியது அவளுக்குப் புரியவில்லை, வேன்காரர் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார்.

"ஊரையே ஏத்தி இறக்குறவ நான். என்னையே ஏத்திட்டாங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விஷயம் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. "பஸ் அம்மா, சைக்கிள் ஓட்டப் போயிட்டு வேன்ல வந்தீங்களாமே?" என்று பொடிசுகள் கேட்ட அன்று அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தை வெளியே விட்டது அண்ணன்தான். ஒரு வாரம் அவர் காபியை அவரே போட்டுக் குடித்தார்.

இந்த வருஷம் அண்ணி ஒரே முடிவாக இருந்தார். "யாருக்காகவும் நிக்கப் போறதில்ல. கழுத்து சுளுக்கினவ மாதிரி நேரா பாத்துட்டே போயிடுவேன்." கிளம்பும் இடத்தில் ஒரு ஸ்பேனரை எடுத்து இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் அவற்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மகளோடு எல்லைக்கோட்டுக்கு ரயில் ஏறினார். அண்ணிக்குத் துணையாக நானும் ஓட்ட வந்திருந்தேன். டைல்ஸ் கடையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவனுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். நான் கேட்டால்தானே?

ஊரே தெருவை அடைத்து எங்களுக்கென்று விட்டிருந்தது. அண்ணி திருப்பத்துக்குத் திருப்பம் கை காட்டினார். ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை ஊன்றிவிட்டார். பின்னால் வந்தவர்கள் தங்கள் தங்கள் மொழியில் எதையோ சொல்லிக்கொண்டு விலகிப் போனார்கள். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை.

"ரோட்டை நமக்குத்தான் விட்டிருக்காங்க அண்ணி."

"விளக்குக்கு அது தெரியாதுல்ல?"

இப்படியே போனால் விளங்கினாற்போலத்தான் என்று நான் முன்னால் பறந்தேன். மதியம் வரை பறந்தேன். கடைசி மேட்டில் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொள்ள, சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் தூரத்தில் மஞ்சள் விளக்கு தெரிந்தது. அதற்கு முன்னால், ஒரே சீராக மிதித்துக்கொண்டு அண்ணி.

என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"நிக்காதீங்க அண்ணி. நான் வேன்ல வந்துக்கிறேன்."

"நடக்க முடியுமா?"

"தள்ளிட்டு வரேன். நீங்க போங்க. போன வருஷம் பட்டது போதாதா?"

"நான் திரும்பிப் பாக்க மாட்டேன் தம்பி."

"பாக்காதீங்க."

போய்விட்டார். மேட்டின் உச்சி வரை அந்தக் கழுத்து திரும்பவேயில்லை. போகச் சொன்னவன் நான்தான், ஆனாலும் நிஜமாகவே போனதும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. வேன்காரர் எனக்குச் சற்றுப் பின்னால் வரை வந்து, காலியாக இருந்த சீட்டைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நொண்டிக்கொண்டே உச்சி வரை தள்ளினேன். மறுபக்கம் முழுக்க இறக்கம். ஏறி உட்கார்ந்து அப்படியே உருண்டேன், வேனும் என் முதுகை ஒட்டியபடி வந்தது.

கடைசி வளைவு திரும்பியதும் எல்லைக்கோடு தெரிந்தது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

ஒரு கால் தரையில். சைக்கிள் முன்னே பார்த்து நிற்க, கழுத்து மட்டும் முழுசாகப் பின்னால் திரும்பியிருந்தது. நேரம் முடியப்போகிறது, பாதையை மூட ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் இரண்டு பேர் கயிற்றோடு தயாராக நின்றார்கள். ஒலிபெருக்கியில் யாரோ கெஞ்சினார்கள்.

"ஒரு அடி வைம்மா. உள்ள வந்துட்டு அப்புறம் பாரும்மா" என்று மகள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அண்ணன் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து அண்ணிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "இந்தா, இதுல பாத்துட்டே உருட்டிடு."

அண்ணி யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது, வலியில் அல்ல. விழுந்தடித்துக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டும்போது என் முதுகுப் பையில் ஒரு தட்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சைக்கிள் நகர்ந்தது. அவருடைய பின்சக்கரத்தை உரசிக்கொண்டு கயிறு விழுந்தது.

ஒரு பெண் வந்து அண்ணியின் கழுத்தில் பதக்கத்தை மாட்டினாள். மகள் கட்டிக்கொண்டாள். அண்ணன் போட்டோ எடுக்கப் போனைத் தேடி, கைக்கு வந்த கண்ணாடியை நீட்டிக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரம் நிக்கணும்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு காலையும் தரையில வெச்சிருப்பேன், ஒரு கால் மரத்துப்போச்சு" என்று அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேன் வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டபடி ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கியதும் வேன்காரர் விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தப் போனார்.

படம் பிடிக்கலாம் என்று திரும்பினால் அண்ணியைக் காணோம். கயிற்றுக்கு அடியில் குனிந்து போய், வேன்காரரை ஒரு கையால் நகர்த்திவிட்டு உள்ளே ஏறியிருந்தார். பதக்கம் இடமும் வலமும் ஆட, ஒவ்வொரு சீட்டாகத் தட்டிக்கொண்டே பின்பக்கம் நடந்தார். கடைசி வரிசையில் குனிந்தார். பிறகு வாசல் படிக்கு வந்து, தமிழ் தெரியாத அத்தனை பேருக்கும் முன்னால், நனைந்த ஒற்றைக் கையுறையை உயர்த்திப் பிடித்தார்.

"இது யாரோடது?"