கோட்டுக்குள் ஒரு பெட்டிக்கடை

இப்போது என்னோடு வார்டுக்கு வரும் மாணவர்கள் ஒரு ஸ்டெத்தும் ஒரு செல்போனும் மட்டும் கொண்டுவருகிறார்கள். சத்தமில்லாமல் நடக்கிறார்கள். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் குழுவில் ஒருத்தி இருந்தாள். அவள் வந்தால் பினாயில் காயாத வராந்தாவில் தூரத்திலேயே கேட்கும். உலோகமும் மரமும் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்.

பெட்டிக்கடை என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைக் கோட்டில் வெளிப்பை இரண்டு எல்லாருக்கும் உண்டு. அவளுக்கு உள்ளே இன்னும் நான்கு. தையற்கடை வைத்திருந்த அவள் அக்கா தைத்துக் கொடுத்தது. முழங்கால் தட்டும் சுத்தியல், டார்ச், இஞ்ச் டேப், பஞ்சு, நாக்கை அழுத்தும் குச்சி, உள்ளங்கை அகல நோட்டு. காலையில் சாப்பிடாமல் வந்து ரவுண்ட்ஸில் மயங்குகிறவர்களுக்கு எலுமிச்சை மிட்டாய்.

“கடை தொறந்தாச்சா?” என்று கையை நீட்டுவோம்.

“ஏன்டா, உங்களுக்கெல்லாம் கோட்டுல பையே வச்சுத் தைக்கலையா?” திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள்.

செய்முறைத் தேர்வில் முதல் தடவை தவறி எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தவள் அவள். அந்தத் தேர்வில் நோயாளியின் கண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். டார்ச் இல்லை. “இல்ல சார்” என்றவளுக்கு அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. இன்னொரு தடவை தவறினால் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தாள். அக்கா சமாதானம் சொல்லவில்லையாம். “வா, எனக்கும் சட்டைக்குக் காஜா எடுக்க ஆள் இல்ல” என்றாளாம்.

எங்கள் தேர்வுக்கு முந்தின நாள் அவளுடைய பெரிய டியூனிங் ஃபோர்க்கை நான் பழகிப் பார்க்க வாங்கிப் போனேன். தட்டினால் அதிரும் இரட்டைக்கால் கம்பி. பெரியதை எலும்பின்மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்போம். குட்டையானது காது சோதிக்க. குட்டையானது ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. காலையில் கவனிக்காமல் கைக்குட்டையில் சுற்றி நான் திருப்பிக் கொடுத்தது அதைத்தான். அவளும் பிரிக்காமல் உள்பையில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்குக் கிடைத்தவர் ஒரு லாரி டிரைவர். சர்க்கரை நோய், காலில் மதமதப்பு. நான் அடுத்த கட்டிலில். ஃபோர்க்கைத் தட்டி அவருடைய கணுக்காலில் வைத்தாள். பதற்றத்தில் இருக்கும் கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

“அதிருதா அண்ணே?”

“ஒண்ணும் தெரியலையேம்மா.”

அவள் கையில் இருந்ததைப் பார்த்தேன். என் பைக்குள் கைவிட்டேன். பெரியது விரலில் பட்டது. தேர்வு அறையில் பேசினால் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுதப் போனவள் நிறுத்தினாள். ஃபோர்க்கை மறுபடி தட்டித் தன் முழங்கை எலும்பில் வைத்துப் பார்த்தாள். ரீங்காரம் கேட்டது. எலும்பில் இறங்கவில்லை போலிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் தேர்வாளர் வந்துவிட்டார்.

“வைப்ரேஷன் எப்படி இருக்கு?”

“பார்க்க முடியல சார். ஃபோர்க் தப்பு. இது காதுக்கானது.”

“எடுத்துட்டு வரும்போது பார்க்கறதில்லையா?”

“என் பை சார். நான் பார்த்திருக்கணும்.”

“சரி, ஃபோர்க் இல்ல. இப்ப என்ன பண்ணப் போறே?”

அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இந்தத் தடவையும் போயிற்று என்று நினைத்தேன். பிறகு ஃபோர்க்கைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

“கால் விரல் எந்தப் பக்கம் அசையுதுங்கற உணர்வும் அதே நரம்பு வழியாத்தான் சார் மேல போகுது. அதைப் பார்க்கறேன்.”

டிரைவரைக் கண்ணை மூடச் சொன்னாள். கட்டைவிரலின் இரு பக்கமும் பிடித்து மெல்ல அசைத்தாள்.

“மேலம்மா. இப்ப கீழ. திரும்பவும் கீழ. இருபது வருஷம் பிரேக்கு மிதிச்ச காலும்மா, அதை ஏமாத்த முடியுமா?”

தேர்வாளர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

வெளியே படிக்கட்டில் என்னைப் பிடித்தாள். “டேய் எருமை, உன் மூளையையும் கைக்குட்டையில சுத்தித்தான் வச்சிருக்கியா?”

“நான் அப்பவே சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உக்காந்து காஜா எடுத்திருப்போம். போடா.”

முடிவு சொல்லும் மாலைவரை அந்தப் படியிலேயே இருந்தோம்.

அலுவலக வாசலில் பாஸானவர்களின் எண்களை வாசித்தார்கள். அவளுடையது கடைசிக்கு முந்தியது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போனில் தையற்கடைக்குப் பேசினாள். “அக்கா” என்றாள். அதற்குமேல் முடியாமல் ரிசீவரை என் கையில் திணித்தாள். “நீ சொல்லுடா.”

“பாஸ் பண்ணிட்டா அக்கா” என்றேன்.

மறுமுனையில் தையல் இயந்திரத்தின் ஓட்டம் நின்றது.

“அதை அவ வாயால சொல்லச் சொல்லுங்க தம்பி.”

ரிசீவரை நீட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாங்கிச் சொன்னாள்.