நமுனுகுலவில் எந்தப் பாறை உயரம்?

காலை ஆறு மணி பஸ்ஸில் நானும் மனைவி சரோஜாவும் பதுளையிலிருந்து கிளம்பினோம். என் மடியில் கண்ணாடி போலத் தெளிவான ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாய்ச் சுருள். வீடு கட்டும் மேசன் வேலையில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பேனே, அதுதான்.

நமுனுகுல என்றால் சிங்களத்தில் ஒன்பது முகடுகள். அவற்றில் இரண்டைப் பற்றித்தான் வழக்கு. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து பார்த்தால் கொடிப்பாறை உயரம். மலைக்கு அந்தப் பக்கம் சரோஜா பிறந்த தோட்டத்திலிருந்து பார்த்தால் ஊமைப்பாறை. கார்த்திகைக்கு இரண்டு தோட்டத்தாரும் தத்தம் பாறையில் தீபம் ஏற்றுவார்கள். இளவட்டங்கள் கொழும்புக்குப் போய்விட்டதால் எண்ணெயும் விறகும் சுமக்க ஆளில்லை. இம்முறை ஒரே தீபம், உண்மையில் உயரமான இடத்தில் என்று பேசி முடித்து, அளக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். சரோஜாவும் கூட இருக்க வேண்டும் என்பது அவள் தோட்டத்தார் போட்ட நிபந்தனை.

பசறை தாண்டி இறங்கிய இடத்தில், எங்கள் கோயில் தலைவரான அண்ணன் செல்வராஜ் நின்றிருந்தார்.

"நல்லாப் பாரு தம்பி. அப்பா வெளக்கு ஏத்துன எடம்" என்றார்.

தேயிலை முடிந்து புல்வெளி தொடங்கியதும் காற்று பலமாக வீசியது. காலில் ஏறிய அட்டைகளை உப்பு போட்டு உதிர்த்தோம். பத்து மணிவாக்கில் கொடிப்பாறை உச்சி. எதிரே வெறும் மூடுபனி. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக் காத்திருந்தோம்.

பனி விலகியதும் இரண்டு குச்சிகளை நட்டு, தண்ணீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளையும் கட்டினேன். இரு முனைத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையோடு படுத்து அந்த நேர்கோட்டில் பார்த்தேன். ஊமைப்பாறையின் தலை தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரிந்தது; அதுதான் உயரம்.

குழாயில் காற்றுக்குமிழி இருக்குமென்று தட்டி எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் அப்படியே.

சரோஜா குனிந்து பார்த்தாள். "கொஞ்சந்தாங்க" என்றாள், எனக்கு ஆறுதலாக.

"பனி மூடிருச்சு, ஒண்ணும் தெரியலன்னு சொல்லிரலாமா?"

"நீங்க என்ன சொல்றீங்களோ, அதத்தான் நானும் எங்காளுங்ககிட்ட சொல்லுவேன்."

அதற்குப் பிறகு எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பாறைகளையும் இணைக்கும் மலைமுதுகு வழியே ஊமைப்பாறைக்கும் போய் அங்கிருந்து திருப்பிப் பார்த்தோம். கொடிப்பாறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, வெயிலில் அழகாக நின்றது. எனக்கே ஆச்சரியமாக, அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாலை நான்கு மணிக்குக் கீழே இறங்கி, ஊமைப்பாறைதான் உயரம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் மலையை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு பக்கத்துலேருந்தும் பாத்தேண்ணே."

"சரி. போயி பஸ்ஸப் புடிங்க, இருட்டிரும்."

கோபமோ என்று நினைத்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே அவர் சரோஜாவின் தோட்டத்தாரிடம் போனில் பேசுவது கேட்டது. "ஒங்க பாறதாங்க. ஆமாங்க, எந்தம்பிதான் சொன்னான். வெறக நீங்க பாத்துக்குங்க, எண்ணெய நாங்க தூக்கிட்டு வர்றோம்."

பஸ் நகர்ந்தது. நகரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு மட்டம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போல நிம்மதியாக எந்த வேலையிலிருந்தும் திரும்பியதில்லை.