வேலிக்கு உள்ளே கபின், வெளியே கரவன்

முன்னுக்குப் போன காரில் சித்தப்பா, சித்தி, அவர்களின் மகள். பின்னுக்குப் போன காரில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் மடியில் தம்பி. மொத்தம் ஏழு பேர். மெல்பேணில் இருந்து விடிய வெள்ளாப்பில் புறப்பட்டு சிட்னிப் பக்கம் போனோம். சிட்னிக்கு வெளியே ஒரு பெரிய விளையாட்டுப் பூங்கா. அங்கே ஐந்து நாள் நிற்பதாக ஏற்பாடு. எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பத்து வயது.

சித்தி அம்மாவுக்குத் தங்கை. ஆனால் அம்மாவை முந்திப் பிள்ளை பெற்றுவிட்டார். சித்தியின் மகள் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள். அந்த இரண்டு மாதத்துக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். அவள் என்னைவிட ஒரு சாண் உயரம் வேறு. அவள் போட்டுக் கழித்த சட்டைகள் எனக்கு வரும். அந்தப் பயணத்துக்கு நான் போட்டிருந்த மஞ்சள் சட்டையும் அவளுடையதுதான். அவள் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு வடிவாத்தான் இருக்கு, எனக்குத்தான் பிடிக்கேல்லை" என்றாள்.

நான் அவளில் எரிச்சல்பட்டேன். இதை மறைக்க ஒன்றும் இல்லை.

எங்கே தங்குவது என்று ஒரு மாதத்துக்கு முன்பே பெரிய கதை நடந்தது. எங்கள் வீட்டுக் குசினி மேசையில் பூங்காவின் படப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசினார்கள். பூங்காவுக்கு உள்ளேயே மரக் கபின்கள் இருந்தன. வேலிக்கு வெளியே கரவன் என்கிற சில்லு வைத்த வீடுகளுக்கு ஒரு தரிப்பிடம் இருந்தது.

"உள்ளுக்கு நிண்டால் காலமை எட்டு மணிக்கே எல்லாத்திலையும் ஏறலாம் அண்ணை. வெளியில நிக்கிறவைக்குப் பத்து மணிக்குத்தான் கேற் திறப்பாங்கள்" என்றார் சித்தப்பா.

"கரவன் எண்டால் ஆறுதலாச் சமைச்சுச் சாப்பிடலாம்" என்றார் அப்பா.

"ஆறுதலாச் சமைக்கவோ கடல் தாண்டி வந்தனாங்கள்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி வந்து புத்தகத்தை மூடினார். "ஒரே கபின், ஒரே குசினி, நானும் அக்காவும் மாறி மாறிச் சமைப்பம், முடிஞ்சுது கதை" என்றார். சித்தி முடித்த கதையை யாரும் திரும்பத் தொடங்குவதில்லை.

படத்தில் அந்தக் கபினுக்குள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கட்டில் இருந்தது. மேல் கட்டில் யாருக்கு என்று எங்கள் இருவருக்கும் சண்டை. சித்தப்பா இரண்டு துண்டு எழுதிப் போட்டார். நான் எடுத்த துண்டில் "மேல்" என்று இருந்தது. அவள் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது பெரிய சந்தோசம். அவளை நான் வென்றது அதுதான் முதல் தரம்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு தந்தி வந்தது. அப்பா வாசித்தார். மடித்து சட்டைப் பைக்குள் வைத்தார். பின்வளவுக்குப் போய் வெகுநேரம் நின்றார். அம்மா மத்தியானத்தில் தலை முழுகினார். பின்னேரம் சாமி அலுமாரிக்கு முன்னால் விளக்கு வைக்கவில்லை. பயண வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவு அம்மா சித்தியோடு ரெலிபோனில் மெல்லக் கதைத்தார். "இல்லை, அதுதான் முறை" என்று இரண்டு தரம் சொன்னார். அடுத்த நாள் காலை எனக்குச் சொன்னார், நாங்கள் வெளியில் கரவனில் நிற்கிறோம், அவர்கள் உள்ளே கபினில் நிற்கிறார்கள் என்று.

"ஏன்?" என்றேன்.

"வெளியில காத்து நல்லது."

"மேல் கட்டில்?"

அம்மா பெட்டியை அமர்த்திப் பூட்டினார்.

கரவன் பழையது. உள்ளே போனால் சுட்ட பாண் மணம். நல்ல காற்று என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. ஜன்னலால் பார்த்தால் கம்பி வேலி. வேலிக்கு அங்கால் பூங்காவின் பெரிய சறுக்கு. மூன்று மாடி உயரம், சாக்கின் மேல் இருந்துகொண்டு சறுக்கி வருவது. காலை எட்டு மணிக்கு நாங்கள் புட்டும் வாழைப்பழமும் சாப்பிடும்போது, ஒரு சிவப்புச் சட்டை அந்தச் சறுக்கின் உச்சியில் வந்து நிற்கும். அவள்தான். எங்கள் கரவன் பக்கம் பார்த்துக் கை காட்டிவிட்டுத்தான் சறுக்குவாள்.

உள்ளே தங்குகிறவர்களுக்கு நெஞ்சில் குத்த ஒரு தகர வில்லை கொடுத்திருந்தார்கள். நட்சத்திர வடிவம். அது இருந்தால்தான் எட்டு மணிக்கு ஏற விடுவார்கள். அவள் அதைக் குத்திக்கொண்டு வேலியடிக்கு வந்தாள்.

"பதினாலு தரம் சறுக்கிட்டன். கியூவே இல்லை."

"எனக்குச் சறுக்கு விருப்பமில்லை" என்றேன்.

"மேல் கட்டிலும் நல்லாயிருக்கு. நித்திரை நல்லா வருது."

பத்து மணிக்குப் பிறகு ஏழு பேரும் ஒன்றாகத்தான் சுற்றினோம். சின்ன ரயிலில் போனோம். படகில் போனோம். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் பிரிந்துவிடுவோம். அவர்கள் கபினுக்கு, நாங்கள் கரவனுக்கு. சித்தி தம்பிக்குப் பிஸ்கற் நீட்டினால் அம்மா, "இப்பதான் சாப்பிட்டவன்" என்று அவனைத் தன் பக்கம் இழுப்பார். அவன் சாப்பிட்டிருக்க மாட்டான். சித்தி எங்கள் கரவனுக்குள் கால் வைக்கவில்லை. அம்மா கபின் பக்கம் போகவில்லை. கரவனில் மீன் இல்லை, முட்டையும் இல்லை, பருப்பும் கீரையும்தான். அப்பா சவரம் எடுக்கவில்லை. எதிலும் ஏறவும் இல்லை. மர வாங்கில் இருந்தபடி எங்கள் சப்பாத்துகளுக்குக் காவல் இருந்தார்.

எனக்குக் காரணம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். சித்தப்பா அப்போதுதான் கிளேட்டனில் சொந்த வீடு வாங்கியிருந்தார். பூங்காவில் இருந்து திரும்பிப் போய் அடுத்த கிழமை புதுவீட்டில் பால் காய்ச்சுவதாக இருந்தது. நாளும் நேரமும் யாழ்ப்பாணத்தில் ஒரு சாத்திரியார் குறித்து நீலக் கடிதத்தில் வந்திருந்தது. சித்தப்பா அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் காட்டினார். அந்த வீட்டில் சித்தியின் மகளுக்குத் தனி அறை. நாங்கள் இன்னும் வாடகை வீடு, நானும் தம்பியும் ஒரே அறை. வீடு வாங்கியதும் ஆட்கள் மாறிவிட்டார்கள், எங்களோடு இருந்து சாப்பிட வெட்கப்படுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அம்மாவுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது, அதனால் ஒதுங்கி நிற்கிறார் என்றும் நினைத்தேன். பத்து வயதில் எனக்கு இவ்வளவு அறிவு.

மூன்றாம் நாள் காலை நான் எழும்பியபோது ஏழு மணி. அம்மா தம்பியைக் குளிப்பாட்டக் கொண்டுபோயிருந்தார். அப்பா நித்திரை. வேலியின் அடியில் நாய் தோண்டிய பள்ளம் ஒன்றை நான் முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். அதற்குள்ளால் பூந்தேன். மஞ்சள் சட்டை முதுகில் கிழிந்தது. அது எனக்குக் கவலையாக இருக்கவில்லை.

கபின் கதவு திறந்திருந்தது. சித்தி அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். சித்தியின் மகள்தான் முதலில் கண்டாள்.

"அம்மா, இவை இஞ்ச வரப்படாதெண்டு சொன்னனீங்களெல்லோ."

சித்தி திரும்பினார். கையில் தோசைக்கரண்டி. என்னைப் பார்த்தபடி நின்றார். கல்லில் கிடந்த தோசை கருகும் வரைக்கும் நின்றார். சித்தப்பா உள் அறையில் இருந்து வந்து என்னைக் கண்டார். பிறகு சித்தியைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன் சித்தி சொன்னார்.

"வா பிள்ளை. சாப்பிட்டனியோ?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். உள்ளே கூட்டிக்கொண்டுபோய் மேசையில் இருத்தினார். கருகிய தோசையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு எனக்குப் புதிதாகச் சுட்டார். சம்பலோடு தானே பிய்த்து என் வாயில் தந்தார். சின்னப் பிள்ளைக்குத் தருவது மாதிரி. நான் மூன்று தோசை சாப்பிட்டேன். சித்தி தன் மகளிடம் வில்லையைக் கழற்றச் சொன்னார்.

"ஏன்?"

"தங்கச்சியும் சறுக்கட்டும்."

அவள் அழுதாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே வில்லையைக் குத்தினேன். அன்று காலை நான்தான் சறுக்கின் உச்சியில் நின்றேன். கீழே அவள் வில்லை இல்லாமல் நின்றாள். நான் கை காட்டினேன்.

திரும்பி வந்தபோது கபினுக்கு முன்னால் அப்பா நின்றார். கேற்காரனிடம் கேட்டு உள்ளே தேடி வந்திருக்கிறார். ஐந்து நாள் தாடி. படியில் ஏறவில்லை, புல்லில் நின்றார். சித்தப்பா வாசலில் நின்றார்.

"அத்தான், பிள்ளை உள்ளுக்கு வந்து சாப்பிட்டிட்டாள். இனி என்ன. நீங்களும் வாங்கோ" என்றார் சித்தி.

"அது சரிவராது" என்றார் அப்பா.

அதற்குள் அம்மாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். என்னைக் கண்டதும் அறைய வந்தார். சித்தி குறுக்கே நின்றார். அம்மா கையை இறக்கிவிட்டு சித்தியோடு தொடங்கினார்.

"உனக்கு விசரோ? அடுத்த கிழமை பால் காய்ச்சிறதுக்கு இருக்கிற வீடு. நாள் வைச்சாச்சு."

"பால் எங்க அக்கா ஓடப்போகுது?"

"அவர் என்ன சொல்லுவார்?" அம்மா சித்தப்பாவைக் காட்டினார்.

சித்தப்பா கீழே இறங்கி வந்தார். அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். "தோசை ஆறுது, வாங்கோ அண்ணை" என்றார்.

அப்பா உள்ளே போகவில்லை. படியில் இருந்தார். சித்தி தட்டை அங்கே கொண்டுவந்து கொடுத்தார். அப்பா ஒரு துண்டைப் பிய்த்தார். வாய்க்குக் கொண்டுபோகாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரின் தோள் ஆடியது. அம்மா போய்ப் பக்கத்தில் இருந்தார். அப்பா அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் வேலிக்குள்ளால் பூந்ததுக்கும் சட்டை கிழிந்ததுக்கும் இவ்வளவு அழத் தேவையில்லை என்று எனக்குப் பட்டது.

அன்று மத்தியானம் கரவனைக் காலி செய்தோம். எல்லோரும் கபினுக்குள் வந்தோம். சித்தியும் அம்மாவும் ஒரே குசினியில் சமைத்தார்கள். அவர்களும் மீனை விட்டுவிட்டார்கள். மேல் கட்டில் எனக்கு வந்தது. நான் வென்றுவிட்டேன் என்று நித்திரை கொண்டேன்.

மெல்பேணுக்குத் திரும்பினோம். அடுத்த கிழமை வந்தது, போனது. கிளேட்டன் வீட்டில் யாரும் பால் காய்ச்சவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. சித்தப்பா குடும்பம் பழைய வாடகை வீட்டிலேயே இருந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. தை போய் மாசி பிறந்தது. சித்தியின் மகள் ஒருநாள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"உன்னாலதான். நீ வந்து சாப்பிட்டதாலதான் எங்கட வீடு பூட்டிக் கிடக்கு. என்ர அறையை நான் இன்னும் பார்க்கேல்லை."

தோசை சாப்பிட்டால் வீடு எப்படிப் பூட்டுப்படும்? அவளுக்கு என்னில் பொறாமை என்று நினைத்தேன். முதல்முறையாக அவளுக்கு என்னில் பொறாமை. அதைக் கொஞ்ச நாள் இனிப்பு மாதிரி வாய்க்குள் வைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் பால் காய்ச்சினார்கள். நேரம் குறித்துக் கடிதம் ஒன்றும் வரவில்லை. சித்தப்பா கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சு, வையும்" என்றார். பானையை அடுப்பில் வைத்தது அம்மா. சித்தி பிடிவாதமாக அம்மாவைத்தான் வைக்கச் சொன்னார். அப்பா சவரம் எடுத்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பால் பொங்கியது. சித்தியின் மகள் தன் அறையைத் திறந்து காட்டினாள். ஜன்னல் இரண்டு. எனக்கு வயிறு எரிந்தது. வேறொன்றும் நான் அன்று பார்க்கவில்லை.

நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சப்பாத்துத் தொழிற்சாலைக்குப் போனவள். எதையும் துருவிக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை. அப்பா இறந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னார். அந்தத் துக்கத்துக்கு மரக்கறி மட்டும் சமைத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், வெங்காயம் வெட்டியபடி சொன்னார்.

அந்தத் தந்தி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது. அப்பாவின் ஒரே அண்ணன், என் பெரியப்பா, இறந்துவிட்டார். அப்பாவால் போக முடியவில்லை. பிள்ளைகளுக்குச் சொன்ன பயணம், அதுகளுக்கு இப்ப ஒன்றும் தெரியத் தேவையில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. எங்கள் ஆட்களுக்கு அது முப்பத்தொரு நாள். துடக்கு வீட்டுக்காரர் மற்றவர் அடுப்படிக்குப் போகக்கூடாது, ஒரே கூரையின் கீழ் படுக்கக்கூடாது. போனால் அவர்களுக்கும் ஒட்டிவிடும், நல்ல காரியம் செய்ய ஏலாது. தங்கையின் புதுவீட்டுக்குக் குறை வரக்கூடாது என்றுதான் அம்மா எங்களை வேலிக்கு வெளியே வைத்திருந்தார்.

"நீங்கள் தலை முழுகினால் உங்களுக்குத் துடக்கு இல்லை, குறிச்ச நாளிலையே காய்ச்சலாம் எண்டு சித்திக்கு நான் சொன்னனான்" என்றார் அம்மா. "அவள் கேட்கேல்லை. பிள்ளை வந்து சாப்பிட்டிட்டுது, இனி எங்களுக்கும் துடக்குத்தான் எண்டு ஒரே பிடி. நான் வராத வீட்டில பால் காய்ச்ச அவளுக்கு மனமில்லை. அதுக்கு உன்னைச் சாட்டு வைச்சிட்டாள்."

"சித்தப்பா?"

"அவர்தான் அந்த நாள் குறிச்ச கடிதத்தைக் கிழிச்சவர்."

அம்மா வெங்காயத்தைச் சட்டியில் போட்டார். நான் பெரியப்பா இறந்த திகதியைக் கேட்டேன். சொன்னார். கிளேட்டன் வீட்டில் பால் காய்ச்சிய திகதி எனக்கு நினைவிருந்தது. அந்த ஜன்னல்களை நான் மறந்ததில்லை. விரல் மடித்து எண்ணினேன்.

முப்பத்திரண்டு.