பனி விழுந்த காலையில மரம் வெட்டக் கெளம்பின மாமா

இன்னைக்குக் காலைல அக்கரப்பத்தனையில பனி!

சும்மா பனி இல்லீங்க. புல்லு மேல உப்பு கொட்டினாப்ல வெள்ளையா உறைஞ்சு கெடக்கு. (பல்லு வெளக்கப் போனவ, பல்லு தந்தியடிக்க நின்னேன்!)

பீலியடிக்குப் போனா அங்க ஒரு கூட்டம்.

மலையிலருந்து வர்ற ஊத்துத் தண்ணி கொட்டுற எடந்தான் எங்க பீலி. வரிசையா வீடுங்க இருக்குற எங்க ரெண்டு லயத்துக்கும் குடிக்க, குளிக்க எல்லாமே அந்தத் தண்ணிதான்.

கூட்டத்துக்கு நடுவுல எங்க சிவலிங்கம் மாமா. தலையில மங்கி கேப், மேல ரெண்டு சுவெட்டர், கையில கத்தி!

"ஞாயித்துக்கெழம எல்லாரும் சேந்து சிரமதானம் வைக்கிறோம். பீலிக்கு மேல நிக்கிற மரத்தையெல்லாம் வெட்டிடுவோம். லயத்துக்கு வெயிலே வர மாட்டேங்குது, புள்ளைங்க வெறைச்சுப் போவுதுங்க!"

தோட்டத்துத் தொரையும் ஓகே சொல்லிட்டாராம். எல்லாரும் தலைய ஆட்டுறாங்க.

எனக்கு மட்டும் தலை ஆடல. இப்பவே வெயில் காலத்துல அந்தத் தண்ணி நூலாட்டம் ஆயிடுது. மரமும் போனா ஊத்து என்னாவுறது?

"மாமா, வருஷா வருஷம் சூடு கூடிட்டே வருது. நெழலையும் வெட்டிட்டா தண்ணிக்கு எங்க போறது?"

சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு!

"ஏம்மா, புல்லே உறைஞ்சு கெடக்கு. இதுல உலகம் சூடாவுதாம்! போன்ல பாத்தியா?"

கூட்டமே சிரிக்குது. விட்ருவேனா நான்?

"மாமா, ஒரு வாரம் நல்ல மழை பேஞ்சு தேயிலைக் கொழுந்து அள்ள அள்ள வருது. ஒடனே தோட்டத்துல வெளைச்சல் கூடிருச்சுன்னு சொல்வீங்களா? பல வருஷத்தச் சேத்துப் பாத்தாத்தானே தெரியும்? இதுவும் அப்பிடித்தான். இது இந்த வாரத்துக் குளிர். நான் சொல்றது வருஷக்கணக்கா ஏறிட்டு வர்ற சூடு!"

நாலு பேரு யோசிச்சாங்க. மாமா அசையல.

"அதெல்லாம் படிச்சவங்க பேச்சு."

அப்ப கொடத்தோட வந்து நின்னாங்க அத்தை. மாமாவோட சம்சாரம்!

"ஏங்க, நீங்க பொறந்து வளந்தது இதே லயத்துலதானே? சின்னப்புள்ளையில இங்க யாரு வீட்டுலயாவது ஃபேன் பாத்திருக்கீங்களா?"

"ஃபேனா? இந்த ஊர்லயா? எவன் வாங்குவான்!"

"அப்ப போன மார்ச்சுல வெக்கை தாங்கலன்னு பாய் கடையிலருந்து தூக்கிட்டு வந்து, இப்ப கட்டிலுக்கு அடியில சாக்கு போட்டு மூடி வச்சிருக்கீங்களே, அது என்னங்க?"

சிரிப்புல பீலியடியே அதிர்ந்துச்சு!!!

மாமா மங்கி கேப்ப இன்னும் கொஞ்சம் கீழ இழுத்து விட்டுக்கிட்டாரு.

"சரி, சரி. வெயில மறைக்கிற கெளைய மட்டும் வெட்டிக் கவ்வாத்து பண்ணுவோம். மரம் நிக்கட்டும்."

அத்தை விடல. "சிரமதானத்த நிறுத்திடாதீங்க. எல்லாரும் மம்பட்டியோட வாங்க, ஊத்துக்கு மேல இன்னும் நாலு கன்னு நட்டு வைப்போம்."

மனசு நெறைஞ்சு போச்சுங்க!

மலநாட்டு சொந்தங்களே, உங்க வீட்டுக்கு மொத ஃபேன் வந்தது எப்ப? கமெண்ட்ல உண்மையச் சொல்லிடுங்க.

(நீங்க சொல்லலன்னா வீட்டம்மா சொல்லிடுவாங்க!)