கீறல் படாத வண்டி

பட்டறையில் அவளுக்கு ஸ்பேனர் அக்கா என்று பெயர். இங்கே வருவதற்கு முன்பு பஸ் டிப்போவில் பதினாறு வருடம் என்ஜின் பிரித்தவள். அடம்பிடிக்கிற என்ஜினைக்கூடத் திட்டியே ஓட வைத்துவிடுவாள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. பெற்றோர் போனபோது தம்பிக்கு ஐந்து வயது. அவனை ஆளாக்குவதிலேயே கல்யாணம் தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. அதற்காக அவள் அழுதாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தம்பி சிப்பாயாகச் சேர்ந்ததற்குத்தான் மூன்று நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் தானும் ராணுவப் பட்டறைக்கு மனுப் போட்டாள்.

இங்கே வருவதெல்லாம் ஆளில்லா வண்டிகள். இடுப்புயரம், ஆறு சக்கரம், முன்னால் மண்ணைத் துழாவ ஒரு இரும்புக் கை. கண்ணிவெடி புதைத்த பாதையில் வண்டி முதலில் போகும், சிப்பாய்கள் நூறடி தள்ளிப் பின்னால் நடப்பார்கள். வெடித்தால் சக்கரம் போகும், கால் தப்பும். தம்பிதான் அவர்கள் பிரிவில் வண்டியை இயக்குகிறவன். பாதைக்குப் பொறுப்பும் அவன்தான். வண்டிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கே போனாலும் முதல் மரியாதை அவனுக்குத்தானாம்.

மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் கந்தலாகத்தான் வருவான். அக்கா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பூட்டிச் சேர்ப்பாள், உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள். அவன் பிய்ந்து வந்தால் தம்பி முழுசாக இருக்கிறான் என்று அர்த்தம்.

மழைக்காலத்தில் ஒரு செட் தவிர மாற்றுச் சக்கரங்கள் தீர்ந்துபோயின. தம்பியிடம் போனில் சொன்னாள்.

"இதுதான்டா கடைசி செட். இனிமே உடைச்சா மூணு மாசத்துக்கு வண்டி கிடையாது. பாத்துப் பக்குவமா வெச்சுக்கோ."

"சரிக்கா. கண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

நாற்பது நாள் கழித்து மாப்பிள்ளை சர்வீசுக்கு வந்து இறங்கினான். பெயிண்ட்கூட உரியவில்லை.

"உன் தம்பிக்குப் புத்தி வந்துடுச்சும்மா" என்றார் ஸ்டோர்காரர். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சர்வீஸ் அட்டையைப் புரட்டும்வரை.

ரோந்து போன தூரம் நூற்றெண்பது கிலோமீட்டர் என்று தம்பி கையால் எழுதியிருந்தான். போன தடவை அவள் பூஜ்யமாக்கி அனுப்பிய வண்டியின் மீட்டர் பதினொன்று காட்டியது. அவள் மீட்டரைத் தட்டினாள், ஒயரை இழுத்துப் பார்த்தாள்.

"மீட்டர் கெட்டிருக்கும்" என்றார் ஸ்டோர்காரர்.

அவள் குனிந்து டயரைத் தடவினாள். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள் ஒன்றுகூட உதிரவில்லை.

"மீட்டர் பொய் சொல்லும். டயருமா சேர்ந்து பொய் சொல்லும்?"

மிச்ச தூரத்துக்கு யார் முன்னால் நடந்தது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாத்துப் பக்குவமா வெச்சுக்கோ என்று சொன்னது அவள்தான். அவன் பேச்சைக் கேட்கிற பிள்ளை, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

வண்டி பட்டறையில் இருக்கிற நாளில் யாரும் முகாமைத் தாண்டக்கூடாது என்பது உத்தரவு. அந்தத் தைரியத்தில்தான் முகாமுக்குப் போன் போட்டாள். எடுத்தது அன்று முகாமில் தங்கிவிட்ட வேறொரு சிப்பாய்.

"அண்ணன் காலையிலயே ரோந்து போயிட்டாருக்கா."

"வண்டி இங்க நிக்குதேப்பா. எப்படிப் போனான்?"

"எப்பவும் போற மாதிரிதான். அவர் முன்னால போவாரு, நாங்க பின்னால. வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்கா திட்டும்னு சொல்வாரு."



"உடனே திரும்பி வரச் சொல்லு. வண்டி உடைஞ்சா உடையட்டும்னு அக்கா சொன்னாள்னு சொல்லு."

"வயர்லெஸ்ல கூப்பிட்டுக்கிட்டேதான்க்கா இருக்கோம். பத்து மணியிலேருந்து பதில் வரல."

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எதிரே மாப்பிள்ளை ஒரு கீறல் இல்லாமல் நின்றிருந்தான்.