அத்தை போட்ட மார்க்கு

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டனம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. போன் திரையில் நாம் தட்டுகிற பட்டன் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அதன்மேல் என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. ஒரே ஒரு பட்டனுக்காக நாள் முழுக்க மல்லுக்கட்டுவாள். "அமுக்குறதுக்கு முன்னாடியே என்ன ஆகும்னு தெரியணும். இல்லைன்னா அது பட்டன் இல்ல, பொறி" என்பாள். வெளியே போனாலும் இதே புத்திதான். லிஃப்டில் யாராவது தப்பான பட்டனை அமுக்கிவிட்டு அசடு வழிந்தால், அவர்கள் பக்கம் நின்றுகொண்டு லிஃப்டைத் திட்டுவாள்.

படித்தது ஓவியம். கல்யாணமான புதிதில் சோப்பு உறைக்கும் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் படம் வரைந்துகொண்டிருந்தவள், அந்த அச்சகம் மூடப்பட்ட பிறகு இந்த வேலைக்கு வந்தாள். கணவன் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். கிளம்பினால் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். அதனால் இரண்டாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் பெரும்பாலும் அவளும் மாமியாரும் மட்டும்தான்.

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது ஏறினாலும் குரலில் சுருக்கம் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ கல்லூரிப் பெண் பேசுகிறாள் என்றுதான் தோன்றும். மனசு அதைவிட மெத்து. மருமகள் சமையலில் ஒரு நாள் உப்பு தூக்கலாக இருந்தால், "இன்னைக்கு நாக்குக்கு நல்லா ருசியா இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடிப்பார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் நின்றால், சட்டை எப்படி இருந்தாலும் "உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு" என்பார். அந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டையே இல்லை என்று கீழ்வீட்டுக்காரர்களுக்கு ஒரே ஏமாற்றம்.

இப்படியிருக்கும்போது, மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்கள் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கிற மாதிரி ஒரு செயலி செய்யும் வேலை அலுவலகத்துக்கு வந்தது. பட்டனம்மா அதிலேயே மூழ்கிப்போனாள். குளிக்கும்போதும் அதே நினைப்பு, காய் நறுக்கும்போதும் அதே நினைப்பு. கடைசியில், செயலியைத் திறந்ததும் ஒரே ஒரு கேள்வி வரும்படி அமைத்தாள்: இன்று எப்படி இருக்கிறீர்கள்? அதற்குக் கீழே வரிசையாக ஐந்து மஞ்சள் முகங்கள். ஒரு கோடியில் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற முகம், மறு கோடியில் அழுகிற முகம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூடத் தட்டிவிடலாம். முகங்களை அவளே வரைந்தாள்.

"பட்டனம்மா, இதுக்கு மேல சுலபமா செய்ய முடியாது" என்றார், கணினிக்குள் அதை ஓட வைக்கிற தாடிக்காரர். அவர் லேசில் யாரையும் பாராட்டாதவர். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே விடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் ஒருவருடைய போனில் செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். மாமியாருக்கு ரத்த அழுத்தமும் இதயத்தில் லேசான கோளாறும் இருந்ததால், அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

முதல் தடவை, செயலிக்கென்று ஏற்பாடு செய்திருந்த டாக்டரம்மா வீடியோவில் வருகிறார் என்றதும் மாமியார் தலை வாரி, பவுடர் பூசி, விசேஷத்துக்கு உடுத்துகிற சேலையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கீங்க?" என்று திரையில் கேட்டார் டாக்டரம்மா.

"எனக்கென்ன டாக்டர், நல்லா இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

பார்த்துக்கொண்டிருந்த மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் மாமியார் முகத்தைத் தட்டினார். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் அத்தை பெயருக்கு எதிரே வாயெல்லாம் பல்லாக ஒரே சிரிப்பு. பட்டனம்மாவுக்கு மனசு நிறைந்துபோகும்.

ஒரு நாள் அலுவலகத்தில் மின்சாரம் போய், மதியமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, மாமியார் தன் அறையில் பழைய எக்ஸ்சேஞ்ச் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முதுகு வாசல் பக்கம் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அந்தக் கல்லூரிப் பெண் குரல்.

"படுத்தா... மூச்சு முட்டுதுடி. மூணு தலையணை வச்சு... உக்காந்த மாதிரியேதான் தூங்குறேன். கால் வேற வீங்கிக் கிடக்கு. செருப்பு நுழையல."

தோழி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அவகிட்டயா? வேற வினையே வேண்டாம். பாவம், அவளே அந்த ஆப்போட மாரடிச்சிக்கிட்டு இருக்கா."

பட்டனம்மா போய் மாமியார் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். சேலையை லேசாக உயர்த்திக் காலைப் பார்த்தாள். விரலால் அழுத்தியதும் குழி விழுந்து, விழுந்த குழி அப்படியே நின்றது. உடனே டாக்சியைக் கூப்பிட்டாள்.

நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும், இப்போது பயமில்லை என்றும் சொன்னார்கள். பயமில்லை என்ற வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்று, யாருக்கும் தெரியாமல் அழுது தீர்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாளில் மாமியாருக்கு மூச்சு சீரானது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க? தினமும் சிரிக்கிற முகத்தையே அமுக்கியிருக்கீங்களே!"

"வேற எதை அமுக்கச் சொல்ற?"

"உடம்பு சரியில்லைன்னா அழுகிற முகத்தை அமுக்கணும்ல?"

மாமியார் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அவளை விநோதமாகப் பார்த்தார். "அது எப்படிம்மா அமுக்குவேன்? நீ ராப்பகலா உக்காந்து செஞ்சது. அழுகிற முகத்தைப் போட்டா உன் மேலிடத்துல என்ன நினைப்பாங்க? நான் உனக்கு ஃபுல் மார்க்கு இல்ல போட்டேன்!"

மேலே எழுதியிருந்த கேள்வியைக் கவனிக்காமல், அந்த ஐந்து முகங்களும் செயலி எப்படி இருக்கிறது என்று கேட்பதாக அத்தை நினைத்திருக்கிறார். மூச்சு முட்டிக்கொண்டு எழுந்த காலைகளில்கூட, பல் விளக்கிய கையோடு மருமகளுக்கு மார்க்கு போட்டிருக்கிறார். கோபப்படுவதா, காலில் விழுவதா என்று பட்டனம்மாவுக்குத் தெரியவில்லை. கிண்ணத்தை வாங்கி மீதிக் கஞ்சியை ஊட்டிவிட்டாள்.

"அப்போ டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சொல்றது? போதாக்குறைக்கு அந்த ஓரத்துல என் முகம் வேற தெரியுது. அதைப் பார்த்துப் பார்த்து நிமிர்ந்து உக்காரவே சரியாப் போகுது."

அன்று சாயங்காலம் பட்டனம்மா போனை எடுத்துக்கொண்டு அந்த வார்டில் கட்டில் கட்டிலாகப் போய், இந்த முகங்கள் என்ன கேட்கின்றன என்று விசாரித்தாள். அடுத்த கட்டில் முடிதிருத்துபவர், டாக்டர் நல்லவரா என்று கேட்கிறது என்றார். ஒரு தையற்காரம்மா நடு முகத்தைத் தட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "ரொம்பச் சிரிச்சா மரியாதை இல்ல, அழுதா அபசகுனம்" என்றார். மூலையில் இருந்த லாரி டிரைவர், ஐந்தில் தன் சாயல் எதிலும் இல்லை என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் அவள் முகங்களை எடுத்துவிடப்போவதாகச் சொன்னதும் தாடிக்காரர் குதித்தார்.

"எல்லாம் முடிஞ்ச பிறகா? எல்லாருக்கும் அதுதானே பிடிச்சிருக்கு?"

"எனக்கும்தான் பிடிச்சது. நான் வரைஞ்சதாச்சே. ஆனா எங்க அத்தைக்கு மூச்சு முட்டினப்போ அது சிரிச்சுக்கிட்டு இருந்தது."

நடந்ததை முழுக்கச் சொன்னாள். தாடிக்காரர் தாடியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியை அவள் மேசைப் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு கேள்விகளைத் திரும்ப எழுதினார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்வியே போய்விட்டது. அதைக் கேட்டால் எந்த மனிதரும் நல்லா இருக்கேன் என்றுதானே சொல்வார்? அதற்குப் பதிலாக, நேற்று எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள், செருப்பு எப்போதும் போல நுழைகிறதா, படியேறும்போது நடுவில் நின்றீர்களா என்று வந்தது. ஒவ்வொன்றையும் ஒரு குரல் படித்துக் காட்டும். தன் முகம் தனக்கே தெரிகிற அந்த ஓரப் பெட்டியை எடுத்தார்கள். வீடியோ பட்டனுக்குப் பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு பட்டன் வந்தது: முகம் காட்டாமல் பேசலாம். பேச்சு நடுவில் அறுந்துபோனால், 'லைன் போய்விட்டது. டாக்டரே திரும்பக் கூப்பிடுவார்' என்ற அறிவிப்பு வரும். டாக்டர் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார் என்று யாரும் கலங்க வேண்டாம் என்பதற்காக பட்டனம்மா எழுதியது அது.

செயலி வெளியே வந்து நன்றாகவே ஓடுகிறது. மலைப் பக்கத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும்கூட ஆட்கள் பேசுகிறார்கள். முகம் காட்டாமல் பேசுகிறவர்கள்தான் அதிகம் என்று கேள்விப்பட்டபோது டாக்டரம்மாவே அசந்துபோனார்.

போன வாரம் விடுமுறை நாளில் பட்டனம்மா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள். மாமியார் பழைய நைட்டியோடு, தலைகூட வாராமல், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து டாக்டரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். குரல் கணீரென்று கூடம்வரை கேட்டது.

"தண்ணியைக் குறைங்கன்னு சொல்றது உங்களுக்குச் சுலபம் டாக்டர், நாக்கு வறண்டு போகுது. அப்புறம் இன்னொண்ணு. என் மருமக செஞ்ச ஆப்புதான், இருந்தாலும் சொல்றேன். கேள்வி படிக்குதே ஒரு குரல், அது சகிக்கல. என்னைக் கூப்பிட்டிருந்தா நானே படிச்சுக் கொடுத்திருப்பேன்!"

பட்டனம்மா காலி வாளியை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். இன்னும் என்னென்ன குறை வருகிறது என்று கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது.